உரக்கவும் மெல்லவும்

கீபோர்டில் பத்தொன்பதை அழுத்தினால்
ஆர்கன் வரும்.
ஆர்கன் என்றால் காற்று, ஈயக் குழாய், ஆள் உயரத் துருத்தி.
எலத்தகிரியில் அது ஒரு எண்.

இந்த ஜெர்மன்காரருக்கு இரண்டு வரிசைக் கட்டைகள் வேண்டும்.
ஒன்றில் உரக்க ஒரு வரி.
மற்றதில் அதே வரி, மெல்ல,
மலைக்கு அந்தப் பக்கம் நின்று யாரோ சொல்வதுபோல.
என்னிடம் இருப்பது ஒரே வரிசை.
அதிலும் மேலே ஒரு எஃப் ஷார்ப் ஒட்டிக்கொள்ளும்.

நானூறு வருஷத்துப் பாட்டை
கிரானைட் கம்பெனி பிரிண்டரில்
ஏற்றுமதி பில்களுக்கு நடுவே
யாருக்கும் தெரியாமல் எடுத்தேன். பதினொரு பக்கம்.
மேனேஜர் பார்த்துவிட்டார்.
"என்னம்மா இது, எறும்பு ஊர்ந்த மாதிரி" என்றார்.

மாடத்தில் ஒரு பெடல் ஆர்மோனியம் கிடந்தது,
துருத்தியின் ஒரு மடிப்பை எலி தின்று.
சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டினான் இஞ்ஞாசி.
மாங்கூழ் ஃபேக்டரியில் பாய்லர் பார்ப்பவன்.
வாசிப்பான். தாளம் எண்ண மாட்டான்.

"நீதான் எதிரொலி" என்றேன்.
"சம்பளம்?" என்றான்.

ஜூன் முழுக்க ஒத்திகை.
பெங்களூரா சீசன், அவன் சட்டையெல்லாம் புளித்த இனிப்பு.
ஒவ்வொரு பதிலும் அரைத் தட்டு தாமதம்.
திட்டினேன்.
"குவாரி வெடி மட்டும் உடனேவா திரும்பி வருது?
மலை யோசிச்சுத்தான் சொல்லுது" என்றான்.
அதன்பிறகு திட்டவில்லை.
இல்லை, ஒருமுறை திட்டினேன்,
நான் வாசிக்கும் முன்பே அவன் பதில் சொன்ன அன்று.

இதை அச்சிட்டுப் பன்னிரண்டு வருஷம் கழித்து
கொள்ளைநோயில், ஒரே மாதத்தில்,
எழுதியவரின் பிள்ளைகள் எல்லாரும் போனார்கள் என்று படித்தேன்.
படிக்காமல் இருந்திருக்கலாம்.
எழுதும்போது அவருக்கு இது விளையாட்டு.
ஒருவேளை பக்கத்து அறையில் யாராவது
அப்பாவைக் கிண்டலாகத் திருப்பிச் சொல்லியிருப்பார்கள்.
ஆனாலும் மெல்லிய வரி வரும்போதெல்லாம்
என் கை கட்டையை விட்டு எழுந்து காத்திருக்கிறது.
கைக்குத் தேதி தெரியாது.

பேதுரு பவுல் திருநாள், சாயங்காலம்.
பூசை முடிந்து பாதிக் கூட்டம் செருப்புத் தேடுகிறது.
ஆறாவது வரியில் கரண்ட் போனது.
ஸ்பீக்கர் ஒருமுறை விக்கி அடங்கியது.
என் விரல்கள் வெறும் பிளாஸ்டிக்கைத் தட்டின,
முறத்தைக் கோழி கொத்துவதுபோல.
நிறுத்த மறந்தேன்.

மேலிருந்து, அரைத் தட்டு தாமதமாக,
வந்தது
யாருக்கும் கேட்காத வரிக்கு
முழுப் பதில்.

அடுத்ததையும் ஊமையாகத் தட்டினேன்.
அதற்கும் வந்தது.
குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்,
ஒற்றைச் செருப்பும் கையுமாக.

கரண்ட் திரும்பியபோது கீபோர்டு
ஒன்றாம் எண்ணில் நின்றது. பியானோ.
நான் தொடவில்லை. அவன் முடிக்கட்டும் என்று விட்டேன்.

ஏணியில் இறங்கி வந்தவனிடம் கேட்டேன்:
"உனக்குத்தான் ஒண்ணும் கேக்கலையே,
எப்படி இடம் தெரிஞ்சுது?"

கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு,
திருடி மாட்டியவன் முகத்தோடு சொன்னான்:
"எண்ணினேன்."