குப்பை அல்ல

பாடாங் செராய் பஸ் நிறுத்தத் தூணில்
ஆலோங் ஒட்டிய தாளை
நகராட்சி ஆள் திங்கட்கிழமை சுரண்டிப் போவான்.
செவ்வாய் விடிந்தால் அதே இடத்தில்
வேறு நிறம், வேறு நம்பர்.
தூண் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

எங்கள் ஆபீஸ் கணினி அப்படியில்லை.
நான் வாங்காத சீட்டுக்கு விழுந்த முதல் பரிசு,
சுங்கத்தில் காத்துக் கிடக்கும் பார்சல்,
கப்பல் நிறையத் தங்கத்தோடு
நம்பிக்கையான ஆள் தேடும் ஒரு விதவை,
எல்லாவற்றையும் 'குப்பை' என்று அழுத்தினேன்.
அழுத்த அழுத்த
அது சொற்களை நிறுக்கப் பழகியது.
'அவசரம்' கொஞ்சம் கனம்.
'பரிசு' நல்ல கனம்.
'அன்பரே' என்று தொடங்கினால்
தட்டு தரையைத் தொட்டுவிடும்.
மில் வாசலில் கிரேடர் சத்தியபாலன்
லாரியில் ஏறி நின்று
காய்க்குலை, அழுகல் குலை என்று
காலால் தள்ளுவாரே, அந்த வேகம்.
அவரைக்கூட யாரோ பழக்கியிருப்பார்கள்.

ஒரே பெட்டி, மூன்று பேர் கை.
நான், ஸ்டோர் ஹலிம், பெரிய கிராணி தேவசகாயம்.
யார் விரல் என்று அதற்குத் தெரியாது.

நேற்று சம்பள முன்பணம் கேட்டு வந்த இருளாண்டி
கவுன்டரில் கையூன்றி நின்றார்.
"வீட்டு விஷயமா கடுதாசி போட்டோம்மா.
எங்க அண்ணன் மக போன்ல அடிச்சுக் குடுத்துச்சு.
பதிலே காணோம்."
எந்தக் கடுதாசி என்றேன்.
எத்தனை கடுதாசி என்று கேட்டிருக்க வேண்டும்.

அவர் போனதும் குப்பையைத் திறந்தேன்.
முப்பது நாளில் தானே அழியும் இடம் அது.
மிஞ்சியவை பதினொன்று.
பார்சலுக்கும் பரிசுக்கும் நடுவே
லயம், கூரை, விற்ற நிலம்,
பத்தொன்பது குடும்பம் எங்கே போக, ஐயா.
இது தேவசகாயம் வேலைதான்
என்று பல்லைக் கடித்தேன்.

ஏன் இங்கே என்று கேட்டால்
பெட்டி பதில் சொல்லும்.
பத்துக்கு ஒரே பதில்:
'நீங்கள் தள்ளியதைப் போன்றது.'
ஆகப் பழையதற்கு மட்டும்:
'நீங்கள் தள்ளியது.'

தேதி டிசம்பர் இருபத்தாறு.
தேவசகாயம் கிறிஸ்துமஸ் லீவில்.
ஹலிம் பெட்டியைத் திறப்பதே இல்லை.
அன்று ஐந்தே காலுக்கு பஸ்.
'அன்பரே, அவசரம், உதவி வேண்டும்'
என்று வந்த ஒன்றை
பையைத் தோளில் மாட்டிக்கொண்டே அழுத்தியது
ஞாபகம் வருகிறது.
வேறு எப்படித் தொடங்குவாள் அந்தப் பிள்ளை?
மரியாதையாகத்தான் தொடங்கியிருக்கிறாள்.

ஒன்று என் கை.
மீதி அதன் விசுவாசம்.

அதற்குப் பொய் தெரியாது, மெய்யும் தெரியாது.
நான் எதைப் பார்க்க விரும்பவில்லை என்று
என்னிடமே படித்து
என்னைவிட ஒழுங்காகச் செய்தது.

பதினொன்றில் ஒன்று கூலிம் மாவட்ட அலுவலகத்தின் அழைப்பு.
இரு தரப்பும் வரவும்,
இருபதாம் தேதி, காலை ஒன்பது.
இன்று இருபத்துநான்கு.

ஒவ்வொன்றாகத் திறந்து
'குப்பை அல்ல' என்று அழுத்தினேன்.
பதினொரு தடவை.
அது உடனே நம்பிவிடவில்லை.
மத்தியானம் வந்த பன்னிரண்டாவதையும்
சத்தமில்லாமல் உள்ளே போட்டது.
மறுபடி வெளியே எடுத்தேன்.
பழக்கியவளே மாற்றிப் பேசினால்
எதற்கும் கொஞ்சம் தயக்கம் இருக்கும்தானே.

அழைப்பை இரண்டு பிரதி எடுத்து
ஒன்றை தேவசகாயம் மேஜையில் வைத்தேன்.
ஒன்றை மடித்துப் பையில்.
ஐந்தே காலுக்கு பஸ் போனது, நான் ஏறவில்லை.
ஏழாம் லயத்துக்கு நடந்தால் இருபது நிமிஷம்.
தேதி தாண்டிவிட்டது என்பதை
எந்தச் சொல்லில் தொடங்குவது
என்று யோசித்தபடி
கணினியை அணைக்கப் போனேன்.

அந்த விதவை வந்திருந்தாள், நேராக முன்பெட்டிக்கே.
நான் தளர்த்திய கண்ணி வழியாக.
விரல் தானாக எழுந்தது.
நிறுத்தி, கடைசி வரி வரை படித்தேன்.
அவளும் 'அன்பரே' என்றுதான் தொடங்குகிறாள்.