எல்லைக்கோட்டில் ஒரு கணம்

ஆய்வேட்டின் நான்காம் இயலில் நிற்கிறேன்.
தங்கச்சிமடத்தில் மின்சாரம் போன மதியம்.
கீழே அக்கா சாளைக்கு உப்புப் போடுகிறாள்.

கணத்துக்குள் இருக்கிறதா என்று கேட்டால்
ஆம், இல்லை என்பதெல்லாம்
பள்ளிக்கூடத்தோடு சரி.
என் கணம் ஒரு பதிவேடு.
ஒவ்வொரு பெயருக்கும் எதிரே
கடலில் ஒரு துண்டு எழுதியிருக்கும்:
இவ்வளவு நீருக்கு இது உண்மை.
அந்தப் பெயர்களும் பதிவேடுகளே,
தோண்டத் தோண்ட,
வெறும் அட்டை வரும்வரை.

துண்டுகளுக்கு ஓரம் கிடையாது. திறந்த நீர்.
'இல்லை' என்றால் மிச்சக் கடல்,
அதுவும் ஓரம் நீங்கலாக.

அப்படியானால்
இந்தப் பக்கம்,
இந்தப் பக்கம் இல்லை,
இரண்டையும் கூட்டினால் முழுக்கடல் வர வேண்டுமே?
வருவதில்லை.
நடுவில் மயிரிழை ஒன்று
எவர் கணக்கிலும் சேராமல் கிடக்கிறது.

வைத்தியம் உண்டு.
கூட்டியதை ஓரத்தோடு மூடு,
பிறகு உள்ளிருப்பதை மட்டும் எடு.
கோடு கரைந்துவிடும்.
அகலம் இல்லாத எதையும்
இந்த இயற்கணிதம் மதிப்பதில்லை.
இரண்டில் ஒன்று என்பது முழு உண்மை;
எது என்பது மட்டும் தெரியாது.

லிகோரி மச்சான்
சனிக்கிழமை டோக்கன் வாங்கிப் போனவர்.
வலை இந்தப் பக்கம் கிடந்தது,
படகு அந்தப் பக்கம் நின்றது,
நீவாடு எங்களைக் கேட்டா ஓடுது என்று
அக்கரைக் கோர்ட்டில் சொல்லியிருக்கிறார்.
நீதிபதிக்கு ஒரே சொல் போதும்.

எல்லாத் துண்டையும் ஆம், இல்லை என்று
பிரித்துத் தள்ளும் வடிகட்டி
எங்கள் பாடத்திலும் வரும்.
இருக்கிறது என்று நிரூபிக்கலாம்,
இதுதான் என்று எடுத்துக் காட்ட முடியாது.
அவர் கையில் எப்படியோ இருந்தது.
மூன்றாவது வாய்தா வரை காவல்.

உப்புக் கையோடு மாடி ஏறி வந்தவள்
நான் வரைந்த படத்தைக் குனிந்து பார்த்தாள்.
இதில் அவர் எங்கே?
கோட்டைக் காட்டினேன்.
எவ்வளவு அகலம்?
அகலமே இல்லக்கா. பூஜ்ஜியம்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
படகு ஐம்பதடி நீளம்டி, என்றாள்.
ஆறு பேரு எப்படி அதுல நின்னாங்க?

தாளில் அவள் பெருவிரல் பட்ட இடம்
ஈரமாகி, காய்ந்து, வெள்ளையாய்ப் பூத்தது.

மின்சாரம் வந்தது.
நிரூபணத்தில் பிழை இல்லை,
ஒரு வரியையும் அடிக்கவில்லை.
கோடு கரையும் இடத்தில்
பென்சிலால் 'ஆறு' என்று எழுதிவைத்தேன்.
நெறியாளர் கேட்பார்.