ஐந்தாவது சிட்டிங்

முதலில் கல்லுப்பு.
காசிமேட்டில் அதற்குப் பஞ்சமா?
எறா ஷெட்டில் ஐஸோடு கலக்க வைத்த சாக்கில்
ஒரு பிடி அள்ளி
மணிக்கட்டில் வைத்துத் தேய்த்தேன்.
தோல் போனது.
கலைநேசன் போகவில்லை.

அப்புறம் சேராங்கொட்டை.
பழைய வண்ணாரப்பேட்டையில் ஒருத்தி சொன்னாள்,
வெளுக்க வந்த துணிக்கெல்லாம்
அதன் பாலால்தான் குறி போடுவார்களாம்,
எத்தனை துவைத்தாலும் போகாதாம்.
போகாத மையை எடுக்கப்
போகாத மையையே தடவச் சொன்ன புத்திசாலி.
தடவிய நானும்தான்.
பதினோரு நாள் கை கொப்புளமாய்க் கிடந்தது.
கொப்புளத்தின் மேலும் அவன் பெயர்,
கொஞ்சம் உப்பலாக,
போஸ்டரில் அடித்த மாதிரி.

பாத்ரூம் ஆசிட்டைப் பற்றிச் சொன்னவனிடம்
உன் கையில் முதலில் ஊற்றிக் காட்டு என்றேன்.

பீச் ஸ்டேஷன் பக்கம் ஊசி மெஷின் வைத்திருந்த பையன்
அழிக்கவே வேணாம்க்கா, மறைச்சிடலாம் என்றான்.
நே-யின் கொம்பை வளைத்துச் சிறகாக்கி
ன்-ஐ இழுத்து வாலாக்கி
ஒரு கழுகு.
முந்நூறு ரூபாய் குறைத்தும் பார்த்தான்.
கழுகின் வயிற்றைக் கிழித்தால்
உள்ளே இவன் உட்கார்ந்திருப்பானே.

ஸ்டான்லியில் நாலு மணி நேரம் வரிசையில் நின்றேன்.
வெட்டித் தைக்கலாம்,
தழும்பு நீளமாக விழும் என்றார் டாக்டர்.
மணிக்கட்டில், குறுக்கே, நீளமாய் ஒரு தழும்பு.
அதைப் பார்த்து ஊர் என்ன கதை கட்டும் என்று
அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.
பேனாவை மூடிவிட்டார்.

கடைசியில் எம்.சி. ரோடு,
புடவைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
ஒரு சிட்டிங் இரண்டாயிரத்து ஐந்நூறு.
ஒன்றரை மாதத்துக்கு ஒரு தரம்.
பியூலா சிஸ்டர் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிடுவாள்.
காய்ந்த எண்ணெயில் விழுந்த கடுகுச் சத்தம்,
ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்ட வலி.
எழுத்தின் மேல் வெள்ளையாய்ப் பொங்கி அடங்கும்.
கருகிய முடி வாசனை.
ரெண்டு வாரம் உப்புத்தண்ணி படக்கூடாது என்றாள்.
என்ன வேலை செய்கிறேன் என்று சொன்னேன்.
அப்ப கிளவுஸ் போடு என்றாள்.

பக்கத்து நாற்காலியில் வியாசர்பாடிப் பையன்,
கழுத்தில் யாரோ ஓர் அண்ணனின் பெயர்.
வாய்தாவுக்குள்ள போயிடுமா சிஸ்டர், என்று
அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

நேசன் முதலில் போனான்.
அவன் வெறும் கறுப்பு.
ஒற்றியூர்த் தேர்த் திருவிழாவில் குத்தியது,
கலை வரைக்கும் பச்சை மை,
அங்கே தீர்ந்துபோய் மீதிக்குக் கறுப்பு.
பச்சை லேசில் இறங்காதாம்.
ஐந்தாவது சிட்டிங்கில் கையைத் திருப்பிப் பார்த்துச்
சிஸ்டரே சிரித்துவிட்டாள்:
கலை கலைன்னு எனக்கே உத்தரவு போடுது பாரு.

அழிஞ்ச மை எங்க போகுது சிஸ்டர்?
எங்கயும் போகாது.
தூளாயி உள்ளயே ஓடும்.
கொஞ்சம் அக்குள் நெறியில தங்கிடும்.

அப்படியென்றால்
வீடு மாறியிருக்கிறான், அவ்வளவுதான்.

அவன் உடம்பில் என் பெயர் எங்கும் கிடையாது.
ரேஷன் கார்டிலும் கிடையாது.
அவனுக்கு இந்தச் செலவு இல்லை.

போன திங்கள் ஷெட்டுக்குப் புதிதாய் ஒரு பெண்,
எண்ணூரிலிருந்து வருகிறாள், தேசராணி என்று பெயர்.
தராசுக்கு நான் கை நீட்டியபோது படித்துவிட்டாள் போல.
கலையக்கா, இந்தக் கூடை எத்தினி கிலோ?

என் பெயர் வேறு.
திரும்பினேன்.
பதினாலரை, ஐஸைக் கழிச்சிப் போடு என்றேன்.

ஆறாவது சிட்டிங்குக்கான பணம்
மஞ்சள்தூள் டப்பாவில் இருக்கிறது.
பியூலா சிஸ்டர் இரண்டு தரம் போன் பண்ணிவிட்டாள்.
இரண்டு தரமும்
கையில் எறா இருந்தது.