ஒன்பது மணிக்கு முதல் மணி

பாலிக் புலாவ் சந்தையிலிருந்து மேலே
பதினொரு கொண்டை ஊசி வளைவு.
பன்னிரண்டாவதில் பள்ளிக்கூடம்.
பத்தொன்பது பிள்ளைகள், மூன்று ஆசிரியர்,
ஆறு வகுப்புக்கும் சேர்த்து இரண்டு வெண்பலகை.
தலைமையாசிரியை நான்.
கிராணியும் நான்.
தண்ணீர்ப் பம்பு மூச்சடைத்தால்
சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி
ஓடையில் இறங்குகிறவளும் நான்.

ஜூன் மாதம் இலாகாவிலிருந்து பாரம் வரும்.
பாரம் என்று சரியாகத்தான் பெயர் வைத்தார்கள்.
வாசிப்பான், எழுதுவான், கணக்கிடுவான்:
ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.
நடுவில் ஒரு கோடு, முடிபோல் மெலிசு.
என் பிள்ளைகளில் பாதிப்பேர்
அந்தக் கோட்டின்மேல்தான் நிற்கிறார்கள்.

ஜூன் மாதம்தான் டுரியானும் விழும்.
இரவெல்லாம் தோட்டத்துக் கொட்டகையில்
தொப்பென்ற ஓசைக்குக் காதைக் கொடுத்துவிட்டு
ஏழரைக்கு என் முன்னால் வந்து
கண்ணைத் திறந்தபடியே தூங்குவார்கள்.
முதல் வருஷம் திட்டினேன்.
இரண்டாம் வருஷம் பெற்றோருக்குக் கடிதம் எழுதினேன்.
வாசித்துச் சொல்ல
பிள்ளைகளைத்தான் எழுப்பினார்களாம்.
மூன்றாம் வருஷம், யாரையும் கேட்காமல்,
மணியை ஒன்பதுக்குத் தள்ளினேன்.
அதற்கு எந்தப் பாரத்திலும் கட்டமில்லை.

தர்விந்தனுக்குக் கழித்தல் வராது.
நாற்பத்திரண்டில் பதினேழு போனால்
மேற்கூரையைப் பார்ப்பான்.
கூடை நாற்பத்திரண்டு கிலோ, சொத்தை பதினேழு என்றால்
"இருபத்தஞ்சு டீச்சர். ஆனா இவ்வளவு சொத்தையா?
அணில் விரட்ட ஆளில்லையா?" என்பான்.
பழைய தராசு ஒன்றை
உத்தரத்தில் தொங்கவிட்டோம்.
பாடநூல், செருப்பு, பம்பின் கழன்ற மூடி,
ஒருநாள் முதலாம் ஆண்டு மிதுர்ஷாவையே
கூடையில் உட்காரவைத்து நிறுத்தார்கள்.
கூடை போக, பதினாறரை.

பிறகுதான் அந்த ரசீது.
ஐந்தாம் ஆண்டு யுகனேஸ்வரி
மொத்த வியாபாரி கொடுத்ததைத்
தகப்பன் கையிலிருந்து வாங்கிக் கூட்டினாள்.
மறுபடி கூட்டினாள்.
பதினான்கு கிலோ காணோம்.
லோரி நிற்கும்போதே
அதை உரக்கச் சொன்னாள்.

ஒரு வாரம் லோரி அவர்கள் பக்கம் திரும்பவில்லை.
பழம் வாய்பிளந்து புளித்தது.
தகப்பன் கோபிராஜ் வந்தார்.
உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.
"கணக்குச் சொல்லிக் கொடுத்தீங்க, சரி.
எப்போ வாயை மூடணும்னு
அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமில்ல?"
என்னிடம் பதில் இல்லை.
பசியாறினீர்களா என்று கேட்டேன்.
அவர் போன பிறகும்
அறை முழுக்கப் புளித்த வாசம்.

அன்றிரவு பாரத்தை நிரப்பினேன்.
யுகனேஸ்வரி: வாசிப்பாள், ஆம்.
எழுதுவாள், ஆம்.
கணக்கிடுவாள்...
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
ஆம்.
குறிப்பு எழுத அரை விரற்கடை இடம் விட்டிருந்தார்கள்.
காலியாகவே விட்டேன்.

எட்டாம் நாள் லோரி வந்தது.
யார் யாரிடம் என்ன பேசினார்களோ,
கிலோவுக்கு ஒரு ரிங்கிட் குறைவு என்று கேள்வி.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு
மிதுர்ஷாவின் பையில், தண்ணீர்ப் போத்தலுக்கு அடியில்,
நாலாய் மடித்து நனைந்த ரசீது ஒன்று.
"அப்பா பார்க்கச் சொன்னாரு டீச்சர்.
சத்தமா வேணாமாம்."

தராசுக்குக் கீழே பாயை விரித்தோம்.
ஆறு வகுப்பும் நெருக்கி உட்கார்ந்தது.
யுகனேஸ்வரி கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.
மெதுவாகக் கூட்டினோம்.