இலக்கம் நாற்பத்தேழு

கச்சேரி இடம் மாறுகிறது,
ஒல்லாந்தர் கோட்டையை விட்டுத் திராய்மடுவுக்கு.
கதிரைகள் முதலில் போயின,
அவற்றில் இருந்தவர்கள் பின்னால் போனார்கள்.
கோப்பறையில் நானும் கறையானும் மிச்சம்.

என் வேலை கழிவுப் பட்டியல்.
உடைந்த தட்டச்சு இயந்திரம், ஒன்று.
துருப்பிடித்த முத்திரைகள், ஒன்பது,
எந்த அரசின் சிங்கமென்று தெரியவில்லை.
இலக்கம் நாற்பத்தேழு:
தோலட்டைப் புத்தகம், பெரியது,
உள்ளே லண்டனில் அச்சடித்த கேலிப் படங்கள்.
நிலை என்ற கட்டத்தில்
செல்லரித்தது என்று எழுதி மூடப் போனேன்.
ஒரு மூக்கு விடவில்லை.

மரமுந்திரிகைப் பழம் போல மூக்கு,
நுனியில் கொட்டை மாதிரி ஒரு பரு.
கீழே வயிறு. வயிற்றுக்கும் கீழே
துணி சுற்றி முக்காலியில் ஏற்றி வைத்த வாதக்கால்.
மந்திரியோ, இளவரசனோ,
அடியில் இருந்த பேரைக் கறையான் தின்றுவிட்டது.
முகத்தைத் தொடவில்லை.
பசை எங்கே தடித்திருந்ததோ அங்கேதான் அதற்குப் பசி.

அவன் வாயிலிருந்து சொற்கள்
ஊதிய மாட்டுச் சலப்பை போல வீங்கிப் பறக்கின்றன.
அகராதி எடுத்தேன்.
ஒரு பகிடிக்கு ஆறு சொல் பார்க்க வேண்டியிருந்தது.
ஆறாவது சொல்லில் பகிடி செத்துக் கிடந்தது,
நேற்றைய வலையின் ஓரா மீன் மாதிரி.

பக்கம் திருப்பினேன்.
கழுதை ஒன்று, முதுகில் மூட்டைகள்.
சன்னல் வைத்தால் வரி,
சன்னலை அடைத்துவிட்டுக் கொளுத்தினால்
மெழுகுதிரிக்கு வரி,
தொப்பிக்கு, தலைமயிரில் பூசும் மாவுக்கு.
எல்லாவற்றுக்கும் மேலே அதே மூக்கு ஏறிக் குந்தி
கழுதையைச் சோம்பேறி என்கிறது.

இங்கேதான் பென்சில்.
ஓவியன் வெறுமையாய் விட்ட ஒரு மூட்டையில்
யாரோ பொடி எழுத்தில், தமிழில்:
நெல்லுவரி.
கழுதையின் காதில் கடுக்கன் மாட்டி
தலைப்பாகையும் கட்டி
வயல் ஏலம் போன போடியார் ஆக்கி வைத்திருந்தான்.

ஆர் அவன்?
துரையின் மைக்கூட்டை நிரப்பினவனா,
ஏலக் கடதாசியைப் பிரதி பண்ணிப் பண்ணி
விரல் தடித்தவனா.
துரை தோணியேறி வேட்டைக்குப் போன பின்னேரம்
இதைத் திறந்திருப்பான்.
பிடிபட்டால் சீட்டுக் கிழியும்,
அதனால்தான் எழுத்து அவ்வளவு சிறிது.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பான்.
நான் பொத்தவில்லை.

சத்தம் கேட்டுப் பூபாலரெத்தினம் சேர் வந்தார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்தார்.
"இது ஆரு புள்ள?"
"தெரியா சேர். இருநூறு வருசப் பழசு."
மூக்கைப் பார்த்தார்.
பருவைப் பார்த்தார்.
போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.
"பழசெண்டு ஆரு நம்புவான்?
வாற கிழமை அவரு வாறாரு."

எவர் என்று அவர் சொல்லவில்லை.
நான் கேட்கவுமில்லை.
செத்துக் கிடந்த பகிடி
மேசையில் ஒரு தரம் வாலை அடித்தது.

எரிக்கவும் என்ற கட்டத்தில் சரி போட்டுவிட்டுப் போனார்.
முற்றத்தில் அலியார் நெருப்பு மூட்டியாயிற்று.
கழுதையை மட்டும் உருவினேன்,
நாலாய் மடித்துச் சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.
மூக்கு நெருப்புக்குப் போனது,
பரு கடைசியாய்ச் சுருண்டதாக அலியார் சொன்னார்.

பின்னேரம் கல்லடிப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது.
முன்னால் பெற்றோல் வரிசையாம், விபத்தாம்,
ஆளுக்கொரு கதை.
மடியில் தாளை விரித்தேன்.
வாலுக்குப் பக்கத்தில், மடிப்புக்குள்,
இன்னொரு மூட்டை,
இன்னும் யாரும் எழுதாதது.

கைப்பையில் பேனைதான் கிடந்தது.
பக்கத்து இருக்கைப் பள்ளிக்கூடப் பிள்ளையிடம்
பென்சில் இருக்கா என்று கேட்டேன்.