இடது பக்கம்

அந்த மாதம் எங்கள் கவுண்டியின் பங்கு பதினொன்று.
பதினொரு பையன்கள். அக்டோபர் ஏழு, காலை ஆறு மணிப் பேருந்து.
பட்டியலைத் தட்டச்சு செய்தவள் நான்.
என் இயந்திரத்தில் 'ஓ' எழுத்தின் வயிற்றில் மை அடைத்திருக்கும்,
அதனால் நெப்ராஸ்காவின் அந்த மூலையிலிருந்து போருக்குப் போன
பாதிப் பெயர்களுக்கு நடுவில் ஒரு கரும்புள்ளி.

ஒன்பதாவது, வெண்டல் ஹோல்கம்ப்.
தானியக் கிடங்கு முதலாளியின் மகன்.
திங்கட்கிழமை மருத்துவரிடமிருந்து கடிதம் வந்தது
(மருத்துவர் அவன் அம்மாவின் தம்பி):
இடது காது கேளாது.
முந்தின நாள்தான் ஊர் பேண்டில் கிளாரினெட் வாசித்தான்.
இடப்பக்கம் நின்ற டிரம்பெட்காரன் அரை சுரம் தவறியதும்
திரும்பி முறைத்தான்.
மூன்றாம் வரிசையில் இருந்தேன். பார்த்தேன்.
திங்கட்கிழமை அடித்தேன்: தகுதியில்லை.

ஆனால் பங்கு குறையாது. பங்குக்குக் காது கிடையாது.
ஒன்பதை உருவினால்
பன்னிரண்டு ஒரு படி மேலே ஏறும்.

பன்னிரண்டு, மைலோ ஸ்டாஸ்ட்னி.
அவன் தாத்தா கப்பலில் கொண்டுவந்த பாஷையில்
அந்தக் குடும்பப் பெயருக்கு அதிர்ஷ்டக்காரன் என்று பொருளாம்.
பூட்ஸில் வயல் சேறோடு வந்து நின்றான்.
"பீட் கிழங்கு தோண்டி முடித்துவிட்டுப் போகலாமா?"
தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
அவன் போன பிறகு
நான் தரையைத் துடைத்தேன்.

மைலோ சாகவில்லை. அப்படித்தான் எதிர்பார்த்திருப்பீர்கள்.
பீரங்கிப் பிரிவில் பதின்மூன்று மாதம்.
திரும்பி வந்தபோது இடது காது போயிருந்தது.
நான் இட்டுக்கட்டவில்லை.
இட்டுக்கட்டுவதாக இருந்தால்
வலது காது என்றல்லவா சொல்லியிருப்பேன்.

வெண்டல் செனட்டர் ஆனான்.
போர் வேண்டும் என்று மூன்று முறை கை தூக்கினான்.
தயங்கியவர்களைப் புறமுதுகு காட்டுகிறவர்கள் என்றான்.
முதுகைக் காட்டவாவது
ஒருமுறை களத்துக்குப் போக வேண்டாமா?
தொலைக்காட்சி விவாதங்களில் குட்டிக் கருவி ஒன்றைச் செருகியிருப்பான்,
யாரோ ஓதுவதைக் கேட்டுக்கொள்ள.
எந்தக் காதில் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

அவனை எதிர்த்து நிற்கும் கிரெய்க் லுண்டீனும் லேசுப்பட்டவனில்லை.
சுவரொட்டியில் தலைக்கவசம், புழுதி, களம் கண்டவர் என்ற வாசகம்.
அவன் கண்ட களம் ஜெர்மனியில் ஒரு போர்வைக் கிடங்கு.
போர்வை எண்ணுவதில் பாவமில்லை, குளிருக்குப் போர்வை வேண்டும்.
அந்தப் புழுதிதான்
எங்கிருந்து வந்தது என்று விளங்கவில்லை.

இரண்டு தரப்பின் ஆட்களும் என் வீட்டுக்கு வந்தார்கள்,
ஒரு நாள் இடைவெளியில், ஒரே கடைக் காலணிகளோடு.
கடிதம் இருந்தது என்று நான் சொல்ல வேண்டும் ஒருவனுக்கு.
இல்லவே இல்லை என்று, மற்றவனுக்கு.
காபி கொடுத்தேன்.
பன்னிரண்டாவது பெயர் வேண்டுமா என்று இருவரையும் கேட்டேன்.
"அது எங்களுக்குப் பயன்படாது, மேடம்."

மைலோ ஒவ்வொரு தேர்தலிலும் வெண்டலுக்கே ஓட்டுப் போட்டான்.
நம்ம ஊர்ப் பையன், என்பான்.

ஒரு நாள் சொல்லிவிட்டேன்.
தேவாலயத்தில், பிரசங்கம் முடிந்து
எல்லோரும் கோட்டுகளைத் தேடிக்கொண்டிருந்த நேரம்.
கடிதம், கிளாரினெட், ஒன்பது, பன்னிரண்டு,
என்னுடைய பத்து விரல்கள், எல்லாம்.
மைலோ பீடத்தைப் பார்த்தபடியே இருந்தான்.
"இந்த வருஷம் மழை பத்தாது, ஆர்டிஸ்," என்றான்.

அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன்.
வலப்பக்கமும்
காலியாகத்தான் இருந்தது.