முட்டுகோ

நகரியிலிருந்து புத்தூர் போகிற சாலையில்
முன்பு உரமூட்டை அடுக்கிய கிடங்கு.
இப்போது அறிவியல் கூடம்.
மழை நாளில் இன்னும் யூரியா வாசனை வரும்.
எனக்கு அங்கே ஒப்பந்த வேலை:
காந்தங்களை எண்ணி வைப்பது, ஆடிகளைத் துடைப்பது,
இரண்டாம் வகுப்பு வந்தால்
தொடச் சொல்வது.

தொடச் சொல்வதுதான் கஷ்டம்.
தொடாதே என்று கேட்டே வளர்ந்த விரல்கள்
முதுகுக்குப் பின்னால் போய்ப் பூட்டிக்கொள்ளும்.
செவ்வாய்க்கிழமை இரண்டு பள்ளி, ஒரே பேருந்து.
பாதி தெலுங்கு, பாதி ஏகாம்பரகுப்பத்துத் தமிழ்.
நான் எல்லாருக்கும் பொதுவாக
"முட்டுகோ, முட்டுகோ" என்றேன்.
தெலுங்குக் கைகள் நீண்டன.
தமிழில் ஒருத்தன், யோகேந்திரன்,
சந்தேகமே இல்லாமல் நாலடி பின்வாங்கி
ஓடிவந்து
மேளத்தை நெற்றியால் முட்டினான்.

தோலின் மேல் தூவியிருந்த ரவை
எழுந்து நின்றது ஒரு கணம்.
அப்புறம் தெலுங்கும் முட்டியது.
என் பாடத்திட்டத்தில் அது இல்லை.
ரவைக்கு அதெல்லாம் தெரியாது,
ஒவ்வொரு தலைக்கும் குதித்தது.

எலுமிச்சை மின்கலம் செய்ய வைத்த
நாலு பழத்தில் ஒன்றைக் காணோம்.
புளித்த முகத்தோடு ஒரு பையன்
தனக்கு எதுவும் தெரியாது என்றான்,
நான் கேட்பதற்கு முன்பே.

புவிதாவை நான் பார்க்கும்முன் கேட்டேன்.
எல்லாரும் கேட்டார்கள்.
வீட்டில் ஆறு விசைத்தறி.
தறிக்கு மேலே கத்தினால்தான் சோறு.
வகுப்பில் அதற்காகவே கடைசி பெஞ்சு.
டீச்சர் பேருந்தை விட்டு இறங்கும்போதே
அவளுக்காக வருத்தம் சொல்லிவிட்டார்.

கூடத்தின் இரு கோடியில் இரண்டு பெரிய கிண்ணங்கள்,
ஒன்றையொன்று பார்த்தபடி, என் உயரத்துக்கு.
இதில் கிசுகிசுத்தால் அதில் கேட்கும்.
அந்தக் கோடியில் சாய் தேஜா காது வைத்தான்.
இந்தக் கோடியில் புவிதா "ஏய்ய்" என்றாள்.
அவன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.
"மெல்ல!" என்றன முப்பத்தெட்டு வாய்கள்.
"மெல்ல" என்றாள் அவளும், அதே சத்தத்தில்.
அடம் இல்லை.
அவளிடம் அது இல்லை, அவ்வளவுதான்.

கிண்ணத்தை விட்டு இசைக்கவை மேசைக்குப் போனாள்.
கொஞ்சம் முன்பு அங்கே பார்த்திருந்தாள்:
அதிரும் கவையை விரலால் பிடித்தால்
ஓசை செத்துவிடும்.
தட்டினாள், பிடித்தாள். தட்டினாள், பிடித்தாள்.
பிறகு அதே இரண்டு விரலைத்
தன் தொண்டையில் வைத்தாள்.
"ஏய்." விரல் நடுங்கியது.
"ஏய்." இன்னும்.
நான் அருகே போகப் பார்த்தேன், போகவில்லை.
அன்றைய சம்பளத்துக்கு நான் செய்த வேலை அதுதான்.
ஆறாவதோ ஏழாவதோ தடவை
வாய் அசைந்தது,
விரல் அசையவில்லை.
விரலை எடுத்துப் பார்த்தாள்,
யாருடையதோ என்பதுபோல்.

திரும்பி வந்து கிண்ணத்துக்குள் முகம் வைத்து
ஏதோ சொன்னாள்.
பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்கவில்லை.
அந்தக் கோடியில் சாய் தேஜா நிமிர்ந்தான்.
ஓடினாள். "என்னடா கேட்டுச்சு?"
"காலி" என்றான்.
அவள் முகம் விழுந்தது.
"காலியா? ஒண்ணுமே இல்லியா?"
"காலி, காலி" என்று அவன்
தன் உள்ளங்கையில் ஊதிக் காட்டினான்.
புரியாமல் நின்றவளின் கையைப் பிடித்து
அதிலும் ஊதினான்.
அவன் மொழியில் அது காற்று.

மாலையில் படிவம் நிரப்பினேன்.
வந்தோர் நாற்பது. சேதம், எலுமிச்சை ஒன்று.
"கற்றுக்கொண்டது" என்ற கட்டத்தில்
பேனாவை ஊன்றி யோசித்தபோது
மின்சாரம் போனது.
சாலைக்கு அப்பால் இருந்த தறியெல்லாம்
ஒரே மூச்சில் நின்றன.

ஏகாம்பரகுப்பத்தில் ஒரு வீட்டில்
இந்நேரம் அவள் சோறு கேட்க
வாய் திறந்திருப்பாள்.
எந்தக் குரலை எடுத்தாளோ.